முகத்துக்கு மேல் ஒட்டிய சிரிப்பு

ஜோலீன் ஹாகனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. தணியும். அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் ஸ்டில்மன் ஊரில் பாதிப் பேர் அவளிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்கள் என்பதால், அந்தத் தணிந்த குரலின் அர்த்தம் ஊருக்கே தெரியும். லாரி ஓட்டுகிற, தாடி வளர்த்த ஆண்பிள்ளைகள்கூட அந்தக் குரலைக் கேட்டால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்கள். புதிதாக வந்த தலைமையாசிரியர் பிரென்ட் சாதருக்கு மட்டும் அது தெரியவில்லை. ஜோலீன் மெதுவாகப் பேசினால் சம்மதித்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பிரென்ட் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அவனுக்கு ஒரு பயம் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. இப்போதெல்லாம் பெற்றோர் தங்கள் பிள்ளையை எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். பிள்ளை போகிற இடத்துக்கு அரசாங்கப் பணமும் கூடவே போய்விடும். பக்கத்து ஊரான கிளைனில் பள்ளிக்கூடம் பெரியது, உள்ளரங்கம் புதியது, காலையும் மாலையும் பேருந்து அனுப்புகிறார்கள். ஸ்டில்மனில் இருந்து போன வருடமே ஒன்பது பிள்ளைகள் அங்கே போய்விட்டன. இன்னும் ஒன்பது போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். அதனால் பிரென்ட் வந்த நாள் முதல் ஒரே மந்திரம்: நம்ம கதையை நாமதான் சொல்லணும்.

சொல்வது என்றால் பள்ளிக்கூடத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவது. ஒவ்வொரு ஆசிரியரும் தினம் இரண்டு படமாவது போட வேண்டும். வகுப்புக்கு ஒன்றாக, காலில் நிற்கும் வட்ட விளக்கு வாங்கிக் கொடுத்தான், பிள்ளைகளின் முகம் பளிச்சென்று தெரிவதற்காக. வகுப்பறைக் கூரை ஒழுகிய இடத்தில் அப்போதும் வாளிதான் இருந்தது. ஜோலீன் அந்த விளக்கைக் கொண்டுபோய் ஜன்னலோரம் பிள்ளைகள் நட்டு வைத்திருந்த அவரைச் செடிகளுக்கு மேல் நிறுத்தினாள். செடி நன்றாகவே வளர்ந்தது.

இதை வைத்து அவளைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல்முதலாகச் சமூக வலைத்தளத்தை வகுப்புக்குள் கொண்டுவந்ததே அவள்தான். பல வருடங்களுக்கு முன்னால், கடல் என்றால் என்னவென்றே பார்த்திராத அந்தப் புல்வெளிப் பிள்ளைகளுக்கு, அலாஸ்காவில் நண்டுப் படகு ஓட்டுகிற ஒருவருடைய பக்கத்தைக் காட்டினாள். அவர் தினமும் படகிலிருந்து படம் போடுவார். பிள்ளைகள் கேள்வி எழுதிக் கொடுப்பார்கள், ஜோலீன் தன் பெயரில் தட்டி அனுப்புவாள். படகில் பாத்ரூம் எங்கே இருக்கிறது, நண்டுக்கு வலிக்குமா, உங்களுக்கு அழுகை வருமா என்று கேட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார், கடைசிக் கேள்விக்கு ரொம்ப நீளமாகவே எழுதினார். அந்த வருடம் வாசிக்கத் திணறிய பிள்ளைகள்கூட அவர் பதிலை வாசிக்க முட்டி மோதினார்கள். வெளியே இருக்கும் உலகத்தை வகுப்புக்குள் கூப்பிடலாம், அதற்குத்தான் அந்தச் சாமான் என்பது அவள் கட்சி. வகுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே கடை பரப்புவதற்கு அவள் பெயர் வைத்திருந்தாள், அது அச்சில் போடும் வார்த்தை இல்லை.

பிரென்ட் வந்தபிறகு நடந்தது கடை பரப்பல்தான். வாசிப்பு நேரம் போய், வாசிப்பதைப் படம் எடுக்கும் நேரம் வந்தது. நான்காம் வகுப்பு ஆசிரியை கெல்சி சின்னப் பெண், வேலைக்குப் புதியவள், தலைமையாசிரியர் சொன்னதைத் தட்டத் தெரியாதவள். ஒரு பையனை ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தாள். ஒவ்வொரு தடவையும் திக்கினான். கடைசியில் திக்காமல் வாசித்ததை மட்டும் "வாசிப்பின் மகிழ்ச்சி" என்று தலைப்புக் கொடுத்துப் போட்டாள். அந்தப் பையன் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. படத்துக்கு நூற்றுக்கு மேல் இதயம் விழுந்தது.

ஜோலீனின் புருஷன் டேல், அறுவடைக் காலத்தில் சர்க்கரை பீட்ரூட் லாரி ஓட்டுபவர். ராத்திரிச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் அவரிடம் கொட்டுவாள். அவர் உருளைக்கிழங்கைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம்தானே, பல்லைக் கடிச்சிக்கோ என்பார். பல்லைக் கடித்துக் கடித்து ஒரு பல்லில் விரிசலே விட்டிருந்தது. பல் வைத்தியர் ராத்திரியில் போட்டுக்கொள்ள ரப்பர் உறை கொடுத்திருந்தார்.

செப்டம்பர் நடுவில் ரென் வந்து சேர்ந்தாள். எட்டு வயது, மெல்லிய உடம்பு. அம்மா ஷானா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சேர்த்த அன்று மாலை, ஷானா கார் நிறுத்துமிடத்தில் ஜோலீனுக்காகக் காத்திருந்தாள். பேசும்போது ஜோலீனைப் பார்க்கவே இல்லை, சாலையைத்தான் பார்த்தாள்.

"படம் மட்டும் வேண்டாம் மிஸஸ் ஹாகன். ஆபீஸ்லயும் சொல்லிட்டேன். அவ அப்பன் எங்கள தேடிட்டிருக்கான். கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டு ஆர்டர் இருக்கு. காகிதத்துக்கெல்லாம் பயந்து நிக்கிற ஆள் இல்ல அவன்."

ஷானாவின் இடது மணிக்கட்டு நேராக இல்லை. உடைந்து, சரியாகக் கூடாத எலும்பு. ஜோலீன் அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"என் வகுப்புல அவள யாரும் படம் எடுக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு. நீ போய் நிம்மதியா வேலையப் பாரு."

சொன்ன சொல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று அவள் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிரென்ட் கேட்கிற படத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எடுப்பவர் படத்தில் விழமாட்டார் அல்லவா? கைபேசியை ரென் கையில் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து மூன்றாம் வகுப்பின் படக்காரி ரென்தான். முதல் வாரம் முழுக்க ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, ஓரத்துல நிக்கிறவங்க உள்ள வாங்க, டக்கர் நீ கண்ண மூடிட்ட, இன்னொண்ணு என்று அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பாள். மற்றக் காலை மடக்கி, பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் ஒட்ட வைத்து, கொக்கு மாதிரி. பால் வாங்க வரிசையில் நின்றாலும் அப்படித்தான், கரும்பலகையில் கணக்குப் போட்டாலும் அப்படித்தான். டக்கர் அதைச் செய்து பார்த்து இரண்டு முறை கீழே விழுந்தான்.

தன் வகுப்பறைக்கு ஜோலீன் பொறுப்பேற்றுக்கொண்டாள், சரி. சாப்பாட்டு அறைக்கு?

அக்டோபரில் ஒரு புதன்கிழமை. மதியச் சாப்பாடு இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரமான சில்லிக் குழம்பும், பட்டை தூவிய இனிப்பு ரொட்டியான சினமன் ரோலும். அது என்ன சேர்க்கை என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இந்த ஊரில் அதுதான் பண்டிகை, அன்றைக்கு யாரும் லீவு போட மாட்டார்கள். பிரென்ட் இதை விடுவானா? கைபேசியோடு வந்து வரிசையில் நின்ற பிள்ளைகளைப் படம் எடுத்தான். ரென்னும் வரிசையில் நின்றாள். படம் எடுக்கக் கூடாத பிள்ளை என்பது அவனுக்குத் தெரியும். அதற்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் முகத்துக்கு மேல் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை ஒட்டிவிடுவான். வெட்டி எடுத்தால் படத்தின் அழகு கெட்டுவிடுகிறதாம்.

இந்த மஞ்சள் முகத்தைப் பற்றி ஜோலீன் பள்ளிக்கூடம் திறந்த மாதமே அவன் அறைக்குப் போய்ச் சண்டை போட்டிருந்தாள். அத்தனை பிள்ளைகள் நடுவில் ஒன்றுக்கு மட்டும் முகத்தை மறைத்தால், தேடுகிறவன் கண் நேராக அங்கேதான் போகும், ஒளிந்திருக்கிற பிள்ளை இதுதான் என்று விரலால் சுட்டிக் காட்டுகிற வேலை இது என்று சொன்னாள். பிரென்ட் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். முகம் தெரியக் கூடாது என்பதுதான் விதி, முகம் தெரியவில்லை, விதி முடிந்தது என்றான். அப்புறம் சிரித்துக்கொண்டே, யாரும் அப்படியெல்லாம் யோசிக்க மாட்டாங்க ஜோலீன், நீங்க ஒருத்தர்தான் யோசிக்கிறீங்க என்றான். அவன் மேசையில் இருந்த காகிதக் கல்லை எடுத்து அவன் கைபேசி மேல் போடலாமா என்று அவளுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. அந்தக் கல்லைக் கொடுத்ததே ஆசிரியர் சங்கம்தான் என்பதால் விட்டுவிட்டாள்.

புதன்கிழமைப் படம் பக்கத்தில் ஏறியது. குழம்புக் கிண்ணம், சிரிக்கும் பிள்ளைகள், நடுவில் ஒரு மஞ்சள் முகம். அதற்குக் கீழே மெல்லிய உடம்பு, ஒரு கால் தரையில், ஒரு கால் மடங்கி. மாலைக்குள் அதன் அடியில், படமும் இல்லாத பெயரும் சரியில்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரு வரி வந்து உட்கார்ந்தது.

"இன்னும் ஒத்தக் கால்லதான் நிக்கிறா நம்ம குட்டி."

ஷானாதான் முதலில் பார்த்தாள். பயத்தில் தினமும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு. கைபேசித் திரையை அப்படியே படம் பிடித்து ஜோலீனுக்கு அனுப்பினாள். ஜோலீன் அடுப்பில் வைத்திருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

பிரென்ட் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தான். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கையைத் தூக்கினான். பார்த்தானாம், பார்த்த உடனே அந்த வரியை அழித்துவிட்டானாம், அந்த ஆள் இனி உள்ளே வர முடியாதபடி தடுத்தும்விட்டானாம். நல்ல காரியம் செய்தவன் முகத்தோடு நின்றான்.

ஜோலீனின் குரல் தரைக்கு இறங்கியது.

"அழிச்சீங்களா? அவன் ஒரு சந்தேகத்துல கல்லு விட்டுப் பாத்திருக்கான். அஞ்சு நிமிஷத்துல அழிச்சா என்ன அர்த்தம்? ஆமாய்யா, உன் பொண்ணுதான், இங்கதான் இருக்கான்னு பதில் எழுதின மாதிரிதானே? சும்மா விட்டிருந்தாக்கூட அவனுக்கு நிச்சயமா தெரிஞ்சிருக்காது."

"நான் நல்லதுக்குத்தான்..."

"படத்த எடுத்தாச்சா?"

அவன் தலையைச் சொறிந்தான். படத்தை வட்டாரக் கல்வி அதிகாரி தன் பக்கத்தில் பகிர்ந்திருந்தார். ஸ்டில்மன் பள்ளிக்கூடத்துப் படம் ஒன்றை அவர் பகிர்ந்தது அதுதான் முதல் தடவை. இப்போது எடுத்தால் ஏன் என்று கேட்பார், காலையில் அவரிடம் பேசிவிட்டு எடுக்கிறேன் என்றான்.

அதுவரை நீங்க, வாங்க என்று இருந்த மரியாதை அந்த இடத்தில் கழன்று விழுந்தது.

"உன் கண்ணு முன்னால எடுக்கிறியா, இல்ல அந்தக் கம்ப்யூட்டரத் தூக்கி வெளிய போடட்டுமா?"

எடுத்தான். எடுத்து என்ன? பார்க்க வேண்டியவன் பார்த்தாகிவிட்டது. காருக்குத் திரும்பியவள் கதவை அறைந்து சாத்தினாள். அழுகையா கோபமா என்று கேட்டால் கோபம்தான். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குத் தான் கொடுத்த வாக்கை, குழம்புக் கிண்ணத்துக்கு ஐம்பது இதயம் கூடுதலாக வாங்க ஒருவன் விற்றுவிட்டான். விற்றவனுக்கு விற்றது என்னவென்று இன்னும் உறைக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஷானா வகுப்பறைக்கு வந்தாள். கூடவே கர்ட், ஷெரிஃப் அலுவலகத்துப் போலீஸ்காரர், ஜோலீனோடு ஒரே வகுப்பில் படித்தவர். பெரிய உடம்பை எட்டு வயதுப் பிள்ளையின் நாற்காலியில் இறக்கிக்கொண்டு அவர் விஷயத்தைச் சொன்னார். அப்பன்காரன் பக்கத்து மாநிலமான ஐடஹோவில் வேலை பார்த்த இடத்தில் விசாரித்தாயிற்று. அன்று காலையிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை. ஷானாவும் ரென்னும் அன்று ராத்திரியே கிளம்புகிறார்கள். எங்கே என்று ஜோலீனிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. போகிற இடத்தில் அடுத்த வாரக் கடைசியில்தான் இடம் காலியாகும். அதுவரை வழியில் இரண்டு மூன்று வீடுகளில் தங்கித் தங்கிப் போக வேண்டும். அந்த நாட்கள்தான் ஆபத்து.

"நாங்க போயிட்டோம்னு தெரிஞ்சா அன்னைக்கே வண்டியத் திருப்பிடுவான்" என்றாள் ஷானா. "எங்க தேடணும்னு அவனுக்குத் தெரியும், எனக்கு இருக்கிற சொந்தமே நாலு பேருதான். நாங்க இங்கதான் இருக்கோம்னு அவன் நினைக்கணும் ஜோலீன். ஒரு வாரம் போதும்."

ஜோலீன் ஜன்னலோரச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்வதற்கே அவளுக்கு வாய் கசந்தது.

"அவன் பாக்கிறது அந்த மஞ்ச மூஞ்சியத்தானே? அத நான் தினமும் காட்டுறேன்."

கர்ட் யோசித்தார். அவன் கிட்ட வந்தால் கோர்ட்டு ஆர்டரை மீறினான் என்று பிடிக்கலாம், தன் வண்டியைக் காலை முதல் மாலை வரை பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே நிறுத்திவைப்பதாகச் சொன்னார். எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே எழுந்தது.

"பிரென்ட்கிட்ட மூச்சு விடாத. அவனுக்குத் தெரிஞ்சா சாயந்திரமே 'நம் குட்டித் தோழிக்குப் பிரியாவிடை'ன்னு படத்தோட போட்டுடுவான்."

ரென் தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், இப்படிப்பட்ட பேச்சு அவளுக்குப் பழக்கம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜோலீனிடம் வந்து, இனிமே யாரு படம் எடுப்பாங்க என்று கேட்டாள். நான் எடுக்கிறேன் என்றாள் ஜோலீன். டக்கர் கண்ண மூடிடுவான், ரெண்டு தடவை எடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஜோலீன் வகுப்பிடம் ரென்னுக்குக் காய்ச்சல் என்றாள். ஷானா சொன்னபடி அலுவலகத்திலும் அதையே சொன்னாள். பிள்ளைகளிடம் அவள் பொய் சொல்வது அதுவே முதல் முறை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் ஏறக்குறைய உண்மை அதுதான். ரென் வருகிற வரை அவள் இடத்தில் ஒரு பொம்மை நிற்கட்டும் என்றாள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். தரை துடைக்கும் கட்டையைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்தி, தொலைந்த சாமான் பெட்டியில் கிடந்த ஊதா கோட்டை மாட்டி, கைக்குள் செய்தித்தாளைத் திணித்து, சோளக்கொல்லைப் பொம்மை ஒன்றைத் தயார் செய்தார்கள். ஜோலீன் எல்லாரையும் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். கால் தெரியாது, தோளும் கோட்டும் மட்டும் தெரியும். தலை இருக்க வேண்டிய இடத்தில் தன் கையாலேயே அந்த மஞ்சள் சிரிப்பை ஒட்டினாள். ஒட்டிவிட்டு ஆசிரியர் கழிவறைக்குப் போய் வெகுநேரம் கையைக் கழுவினாள்.

முதல் படத்துக்கே பிரென்ட் ஓடி வந்தான். அதற்கு முந்தைய நாட்களின் சண்டையெல்லாம் அவனுக்கு மறந்துவிட்டது. மஞ்சள் முகத்துக்குக் கீழே இருப்பது பிள்ளையா பொம்மையா என்றும் அவன் பார்க்கவில்லை. அவனுக்கு எதுவும் மனதில் தங்காது, ஒரு படம் ஏறினால் முந்தைய படம் கீழே போய்விடும்.

"ஜோலீன், நீங்களா இது? எனக்கு நம்பவே முடியல. வர வேண்டியவங்க வந்துட்டீங்க."

அவள் தலையாட்டினாள். திங்கள், செவ்வாய், புதன் என்று காலையில் ஒன்று மாலையில் ஒன்று போட்டாள். கோட்டின் கையை உயர்த்திக் கட்டினாள், ஒரு நாள் கழுத்துத்துணி சுற்றினாள். ஊர் பாராட்டியது. ஹாகன் டீச்சரே மாறிட்டாங்க பாருங்க என்று அம்மாக்கள் அடியில் எழுதினார்கள். எப்படி இவ்வளவு இயல்பாக எடுக்கிறீர்கள் என்று கெல்சி வந்து யோசனை கேட்டாள். டேலிடமும் அவள் சொல்லவில்லை. டேல் நல்லவர், ஆனால் லாரிக்காரர்கள் காப்பி குடிக்கும் இடத்தில் அவர் வாயில் எதுவும் நிற்காது. உன்ன அந்தப் பிரென்ட் மந்திரிச்சு விட்டுட்டானா என்று அவர் கிண்டல் செய்தபோது, அவள் தட்டைத் தேய்த்த தேய்ப்பில் பூ அழிந்தது.

மதிய விளையாட்டு நேரத்தை அவள் வகுப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டாள், குளிர் என்று காரணம் சொல்லி. வெளியே நல்ல வெயில், ஆனால் மைதானத்தில் ரென் இல்லாததைத் தெருவிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாது. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், டக்கர் இது அநியாயம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினான். அநியாயம்தான். ஒருவன் செய்த அநியாயத்துக்குப் பதினாறு பிள்ளைகள் வெயில் இழந்தார்கள், அந்த ஒருவனோ ஹாலில் விசிலடித்துக்கொண்டு நடந்தான். புதன்கிழமை மாலை கர்ட் அவள் கார் கண்ணாடியைத் தட்டினார். ஐடஹோ எண் போட்ட சாம்பல் நிறப் பிக்கப் வண்டி ஒன்று பெட்ரோல் பங்கில் இரண்டு நாளாகத் தென்படுகிறது, ஓட்டுபவன் தொப்பியை இறக்கியே வைத்திருக்கிறான், பள்ளிக்கூடத் தெருவுக்குள் மட்டும் நுழைவதில்லை என்றார். காத்துக்கொண்டிருக்கிறான். நம்பிக்கொண்டிருக்கிறான்.

வியாழக்கிழமை மாலை பள்ளிக் குழுவின் மாதக் கூட்டம், சாப்பாட்டு அறையில். ஊரில் பாதி வந்திருந்தது. வராதவர்களுக்காகப் பிரென்ட் கூட்டத்தைப் பள்ளிக்கூடப் பக்கத்தில் நேரலையாக ஓட்டினான். பார்ப்பவர்கள் போடும் இதயமும் வார்த்தையும் பக்கத்துச் சுவரில் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தன. கொதிகலன் பழுது, பேருந்து ஓட்டுநர் பற்றாக்குறை எல்லாம் முடிந்ததும், பிரென்ட் எழுந்து அந்த மாதத்தின் சிறந்த கதைசொல்லி என்று ஒரு சட்டமிட்ட காகிதத்தை எடுத்தான். கூட ஒரு காப்பிக் கடைப் பரிசு அட்டை.

ஜோலீனின் பெயரைச் சொன்னான். கைதட்டல் எழுந்தது.

"உங்க எல்லாருக்கும் தெரியும், இவங்க எவ்வளவு பிடிவாதம்னு" என்றான் பிரென்ட், எல்லாரும் சிரித்தார்கள். "போன வாரம் என் கம்ப்யூட்டரையே தூக்கி எறியப் போனாங்க. இன்னைக்கு நம்ம பக்கத்துலேயே அதிகம் பேரு பாக்கிறது மூணாம் வகுப்பத்தான். மனசு ஏன் மாறிச்சுன்னு அவங்களே சொல்லட்டும்."

அவள் எழுந்து முன்னால் போனாள். எதிரே இருபது முப்பது கைபேசிகள் உயர்ந்தன. சொல்ல வேண்டியது அத்தனையும் அவள் தொண்டையில் இருந்தது. பெயர் பெயராக, தேதி தேதியாக, இந்த அறையில் இதே வரிசையில் எடுத்த ஒரு படத்தால் ஒரு தாயும் பிள்ளையும் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடியதை, அதற்குக் காரணமானவன் இதோ காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்பதை, இந்த ஊரே அதற்கு இதயம் போட்டதை. சொன்னால் ஊர் வாயடைத்துப்போகும். பிரென்ட்டின் முகம் எப்படி மாறும் என்று அவளால் பார்க்க முடிந்தது. அதைப் பார்க்க அவள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

மதியம் ஷானாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. இன்னும் ரெண்டு நாள், அவ்வளவுதான் என்று.

கதவோரம் கர்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் ஜோலீனையே பார்த்தார். ஜோலீன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. முக்காலியில் நின்ற கைபேசியை, நேரலை ஓடிக்கொண்டிருந்த அந்தக் கறுப்புக் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"சொல்றதுக்குப் பெருசா ஒண்ணுமில்ல" என்றாள். "என் வகுப்புல பதினேழு பேரு. பதினேழு பேரும் நல்லா இருக்காங்க. ஒருத்திக்குக் கொஞ்சம் காய்ச்சல் இருந்துச்சு, இப்ப தேவலாம். நாளைக்கும் திங்கக்கிழமையும் எல்லாரும் இருப்பாங்க. யாரும் எங்கயும் போகல."

அறை கைதட்டியது. சுவரில் இதயங்கள் குமிழியிட்டு ஏறின. ஊர்ப் பெயர்கள் வந்தன, தெரிந்த அம்மாக்கள், டக்கரின் பாட்டி, நண்டுப் படகு வருடத்தில் படித்த ஒருத்தி. அவற்றுக்கு நடுவே படமில்லாத புதுக் கணக்கு ஒன்று, உயர்த்திய கட்டைவிரல் ஒன்றை மட்டும் போட்டுவிட்டுப் போனது. அது மேலே ஏறி மறைகிற வரை ஜோலீன் பார்த்துக்கொண்டே நின்றாள். நம்பிவிட்டான்.

பிரென்ட் காகிதத்தை அவள் கையில் திணித்து, தோளில் கைபோட்டு அவளைக் கெல்சியின் பக்கம் திருப்பினான். பாத்தீங்களா, இவ்வளவுதான் விஷயம், ஒண்ணும் கஷ்டமில்லல்ல என்று காதருகே சொன்னான். அப்புறம், சிரிங்க ஜோலீன், பக்கத்துல போடணும் என்றான்.

ஜோலீன் சிரித்தாள். கெல்சி மூன்று படம் எடுத்தாள், மூன்றிலும் அவள் நன்றாகவே சிரித்திருந்தாள்.